பொங்கல் சீர் யாருக்குப் போகும்?

“இந்தக் கணக்கை மூட்டை கட்டிவிடலாமா?” — போன திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கேட்டார்.

கணக்கு என்றால் என் பிழைப்பு. கான்ஸர் வந்தவர்களின் வீடு தேடிப் போய், ரத்த உறவில் வேறு யாருக்காவது வந்ததா என்று கேட்டு எழுதும் ஸ்டாடிஸ்டிக்ஸ் உத்தியோகம். பெங்களூரில் நான் ஏறாத படி இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே பதில் — “யாருக்கும் இல்லை.” அப்புறம் எதற்கு இந்த வேலை என்று டாக்டர் கேட்பதில் தப்பில்லையே?

எனக்கோ ரோஷம். பையை மாட்டிக்கொண்டு நேரே மர்பி டவுனுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே இருக்கும் கண்ணம்மா, மார்பில் ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியவர். (பெயரை மாற்றியிருக்கிறேன், தேட வேண்டாம்!) அவரும் கையை விரித்தார். “எங்க வூட்ல யாருக்கும் இல்லீங்கம்மா.”

அவர் மகள் சரசா காபி கொண்டுவந்தாள். புதுப் புடவை. “மாமா அனுப்பினது. அம்மாவோட பொங்கல் சீர்ல வந்துச்சு” என்றாள்.

ஏதோ தோன்றி, கண்ணம்மாவிடம் கேட்டேன். “உங்க பொறந்த வீட்டுச் சீர் வேற யாருக்கெல்லாம் போகும்?”

“அக்காவுக்குப் போயிட்டிருந்துச்சு. அத்தைக்கும். ரெண்டு பேரும் இப்ப இல்லீங்களே.”

“என்ன ஆச்சு?”

“எனக்கு வந்த இதே கட்டிதான்...”

தூக்கிவாரிப் போட்டது. “பின்னே யாருக்கும் இல்லேன்னீங்க?”

“அவங்க கட்டிக் குடுத்துப் போனவங்க. வேற வூட்டு ஆளுங்கம்மா!”

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. கல்யாணமான பெண்ணைக் குடும்பக் கணக்கிலிருந்து நாம் எடுத்துவிடுகிறோம். நோய் அப்படி எடுத்துவிடுமா?

நான் பேனாவைத் திறந்ததும் பதறிவிட்டார். “எழுதாதீங்க. சரசாவுக்கு இப்பதான் சம்பந்தம் பேசுறோம். வெளிய தெரிஞ்சா பேஜாராயிடும்.”

“பேர் வெளியே போகாது. உங்க பொண்ணுக்கு வந்தே தீரும்னும் இல்லை. ஆனா கட்டி வந்தா ஆரம்பத்துலயே பாக்கணும். அதுக்கு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

சரசா அம்மாவின் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு நானும் கட்டிக்கிட்டுப் போறவதானே? என்னையும் விட்டுடுவியா?”

கண்ணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே அக்காவின் பெயரைச் சொன்னார். அத்தையின் பெயரையும். மறுநாள் சரசாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்ததும் அவர்தான்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன் — மூட்டை கட்டுவதாக இல்லை! போன வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போகிறேன். பொங்கல் சீர் யாருக்குப் போகும் என்பதுதான் இனி என் முதல் கேள்வி.

சீர் கேட்டு வந்த நாத்தனார் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள்...