வந்தால் ஜெயிக்குமா

இந்த ஊரில் தோற்பதற்கு முன்பே சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால் பாராட்டுகிறார்கள். பாரிஸுக்கு வெளியே எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஞாயிறு மதியம் ஒமாஹா என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுவோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். முதல் வாரம் நான் கவிழ்த்ததும் மூன்றாம் மாடி சொலாஞ்ச் "பிராவோ" என்றாள். கேலி செய்கிறாள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். நிஜமாகவே மெச்சியிருக்கிறாள் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

காரைக்காலில் எங்கள் வீட்டு ரம்மியில் ஸ்கூட் சொன்னால், அதாவது ஆடாமல் சீட்டை வைத்துவிட்டால், மானம் போய்விடும். என் தம்பி செந்தில் ஸ்கூட் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாத பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இரு, ஒரு சீட்டு வரட்டும்" என்பான். சில நேரம் வந்தும் தொலைக்கும், அதுதான் வினை.

ஒமாஹாவில் கைக்கு நான்கு சீட்டு. அதில் இரண்டையும், நடுவில் பொதுவாக விரிக்கும் ஐந்தில் மூன்றையும்தான் சேர்க்க வேண்டும். நான்கு இருப்பதால் எப்போதும் ஏதோ வரப்போவது போலவே இருக்கும். ஒருநாள் என்னிடம் ஆட்டினில் ஒன்பதும் ஆறும். நடுவில் இரண்டு ஆட்டின். இன்னொன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம். காத்திருந்தேன், வந்தது. வில்லைகளையெல்லாம் தள்ளினேன். சொலாஞ்ச் ஆட்டின் ஏஸையும் நாலையும் காட்டி வாரிக்கொண்டாள்; இருவருக்கும் ஒரே இனமென்றால் பெரிய சீட்டுக்குத்தான் ஜெயம்.

"வருமா என்று மட்டும் பார்க்கிறீர்கள். வந்தால் ஜெயிக்குமா என்று பாருங்கள்," என்றாள். ஏஸ் கையில் இல்லையென்றால் மலிவாக ஒரு சீட்டு பார்க்கலாம். எதிராளி பந்தயத்தை ஏற்றினால் கவிழ்த்துவிட வேண்டுமாம்.

எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கணவர் வழியில் வந்தது. செந்திலோ எங்கள் தாத்தா வழியில் அதைக் கேட்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிறான். அதிலேயே அவன் கல்யாணம் தள்ளிப்போயிற்று. இப்போது காரைக்கால் துறைமுகத்தில் அவனுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. சேர்ந்தால் குடியுரிமை விஷயமாக நினைத்தபோதெல்லாம் புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஓட முடியாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எடுத்துக்கடா," என்றேன் போனில்.

"இன்னும் ஒரே ஒரு பேப்பர்தான்க்கா. கெடச்சா அங்க வந்துருவேன்ல."

"வந்து என்னடா பண்ணுவ? நான் பள்ளிக்கூடத்துல தட்டு கழுவுறேன். நாப்பது வயசுல நீயும் வந்து கழுவணுமா?"

கோபமே இல்லாமல் கேட்டான்.

"அப்ப நீ ஏன்க்கா திரும்பி வரல?"

சுருக்கென்றது. எதையோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. அவனிடமிருந்து தகவல் இல்லை. எனக்கு மறுபடியும் ஆட்டினில் சின்னதாக இரண்டு, நடுவிலும் இரண்டு. சொலாஞ்ச் ஏற்றினாள். கவிழ்க்க வேண்டிய கை, சந்தேகமே இல்லை. பிராவோ சொல்ல அவள் தயாராக இருந்தாள்.

"இரு, ஒரு சீட்டு வரட்டும்," என்றேன்.

மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.