விரதக்காரருக்குப் பால்

என் பெருங்குடலில் புண். இது அடியோடு மாறாது, மாத்திரையால் அடக்கித்தான் வைக்க வேண்டும் என்று பேராதனை கிளினிக்கில் டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கண்டியில் என் வாடகை அறை, வேலை செய்யும் துணிக்கடை, கிளினிக் என்று வாழ்க்கையைச் சுருட்டிக்கொண்டேன். மற்றவர்கள் கோயிலை வைத்து வழி சொல்வார்கள்; நான் கக்கூசை வைத்துச் சொல்வேன்.

கலகெதரவில் இருக்கும் தங்கச்சிதான் எனக்கு மிச்சமுள்ள உறவு. அவள் வீட்டுக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிட மாட்டேன். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் மானம் தப்பும். முதல் தடவை அவள் சோறு போட வந்தபோது, திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்துப் பயந்து, "இன்னைக்கு விரதம்மா" என்றேன். இரத்தமாகப் போகிறது என்று தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

விரதம் என்றால் எங்கள் ஆட்களிடம் மறுபேச்சு கிடையாது. ஆனால் பாலும் பழமும் தராமல் விடவும் மாட்டார்கள். எனக்கோ பால் ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறையும் "ஆறட்டும்" என்று வாங்கி வைத்து, அவள் அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியாக வாழையடியில் ஊற்றிவிடுவேன். அந்த வாழை நன்றாகவே குலை தள்ளியது.

தங்கச்சி வீட்டார் அடுப்படியில் பேசிச் சிரித்துச் சாப்பிட, நான் முன்னறைக் கதிரையில் சாமி மாதிரி தனியாக உட்கார்ந்திருப்பேன். யாருக்கு வேண்டும் இந்த மரியாதை? எனக்குக் குழைந்த சோறும் பக்கத்தில் ஒரு ஆளும் போதும். போன மாதம் நோய் மறுபடி முற்றி, ஏனென்று கேட்க நாதியில்லாமல் அறையில் கிடந்தேன். எழுந்து நடமாடியதும், இந்த முறை சொல்லியே தீருவது என்று புறப்பட்டேன்.

தங்கச்சி வாசலிலேயே அழுதுகொண்டு ஓடிவந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் ஏங்கிய அவள் மகள் உண்டாகியிருந்தாள்.

"எல்லாம் உங்க விரதந்தாண்ணே. நீங்க பட்டினி கெடந்தது வீண் போகல. புள்ள பொறக்குற வரைக்கும் விட்டுறாதீங்க."

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பால் கொண்டுவந்தாள். அன்று அவள் அந்தப் பக்கம் போகவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடித்தேன்.

வழியனுப்ப ரோட்டுவரை கூடவே வந்தாள். பஸ் புறப்படும் முன்பே வயிறு இரையத் தொடங்கிவிட்டது. கீழே நின்றபடி அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.