பெயிண்ட் அடிக்காத சுவர்

என் அப்பா ஆபிரகாம் யாரிடமும் எதையும் கேட்காத மனுஷர். செய்யூர்ப் பக்கம் அடுத்தவன் தோப்பில் சவுக்கு வெட்டி, லாரியில் ஏற்றித்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். போன இடத்தில் தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்கமாட்டார், அவர்களாகக் கொடுக்கும்வரை உட்கார்ந்திருப்பார். அதேபோல, சோறு வீணாவதையும் அவரால் பார்க்க முடியாது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். இந்த இரண்டும் அவர் குணம். நடந்ததில் மீதியெல்லாம் என் குணம்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோதும் அவர் யாரையும் கேட்கவில்லை. என் அக்கா ரெஜினாதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டெஸ்ட் எடுக்கக்கூட நான் போகவில்லை. பொருந்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள அவர் கடைசிவரை மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நமக்கு இரண்டு நாளில் போகிற காய்ச்சல் அவருக்கு உயிருக்கே ஆபத்து. சதுரங்கப்பட்டினத்தில் தன் வீட்டிலேயே வைத்து, அக்கா ஐந்து வருஷம் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். மாமாவுக்குத் துபாயில் வேலை. அவள் மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலைக்கும் போய்வந்தாள்.

போன நவம்பர் மழையில் அவள் மகள் ரூத்துக்குக் காய்ச்சல். ஏழு வயதுக் குழந்தை. ஃப்ளூ என்று டாக்டர் சொன்னதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் வீட்டில் இருப்பது ஒரு ரூம், ஒரு ஹால்.

"நைனா, நீ அஞ்சு நாளு தம்பி வூட்ல போயி இரு" என்றிருக்கிறாள்.

"நானே ஸ்டான்லியாண்ட பேசிக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொண்டு அப்பா வெளியே வந்திருக்கிறார்.

"இன்னாபா, நல்லா கீறியா? கொயந்தைக்கு ஜொரம். நாலு நாளு அங்க வந்து இருந்துகினா உனுக்குக் கஷ்டமா?"

என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. படாளத்தில் எனக்கு இரண்டு பெட்ரூம் வீடு. ஒன்றில் இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், உப்பைக் குறைத்துச் சமைக்க வேண்டும், நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டேன்.

"வூட்ல பெயிண்ட் அடிச்சிகினு கீறாங்க நைனா. அந்த வாசனை உனுக்கு ஆவாது" என்றேன்.

"ஆமாமா, ஆவாது. நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். அக்கறையாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு நானே நம்பிக்கொண்டேன். அவ்வளவு வெட்கங்கெட்டவன் நான்.

அக்காவிடம் போய், "அவன் வரச் சொல்றான், நான்தான் போவல. பேத்திய வுட்டுட்டு எங்க போறது?" என்றாராம்.

அக்கா ஒருத்தியாக என்னென்னவோ செய்தாள். வேலைக்கு லீவு போட்டாள். குழந்தைக்கு மாஸ்க் போட்டு ரூமிலேயே வைத்தாள். தட்டையும் டம்ளரையும் தனியாக்கினாள். மூன்றாம் நாள், ரூத் பாதி சாப்பிட்டு மிச்சம் வைத்த ரசஞ்சோற்றுத் தட்டை அக்கா அடுப்படியில் வைத்த நேரம் பார்த்து மழை வந்துவிட்டது. காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது அப்பா அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் அப்பாவுக்கும் காய்ச்சல். தட்டால் வந்ததா, ஒரே வீட்டில் இருந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா அந்தத் தட்டையே நினைத்து நினைத்து அழுதாள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அப்பா பிழைத்தார். அக்கா கொடுத்த சிறுநீரகம் பிழைக்கவில்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டில் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப்போகிறேன். முதல் நாள் முடிந்து அசந்துபோனவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். துணி குவிந்து கிடந்த அந்த ரூமில்தான் படுக்க வைத்தேன். சுவரில் என் மகன் எப்போதோ கிறுக்கிய பென்சில் கோடுகள், மூலையில் ஓதம் அடித்து உரிந்த பழைய நீலம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட் நல்லா கீதுபா" என்றார். குத்திக்காட்டவில்லை. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்கா வீட்டில் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அவள் அவரைத் திட்டுவாள். "தம்பி அன்னிக்கே கூப்ட்டான்ல? போயிருந்தா என் கிட்னி போயிருக்குமா? எல்லாம் உன் புடிவாதம்!" அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுவேன். ஆறு மாசம் அப்படிச் சாப்பிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பாதிச் சோற்றில் கையை எடுத்துக்கொண்டேன். "அக்கா, நைனா வர்றேன்னுதான் கேட்டாரு. நான்தான் பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

கரண்டியாலேயே அடிப்பாள் என்று நினைத்தேன். என் பக்கமே அவள் திரும்பவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசமா உன்ன வாய்க்கு வந்தபடி திட்னேனே நைனா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அப்பா அவள் தலைமேல் கையை வைத்தார். என்னைத்தான் பார்த்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இத்தப் போயி இவளாண்ட ஏன்டா சொன்ன?" என்றார்.