நான் எழுதி வைக்காத மூன்று வரிகள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். இயந்திர வரைபடங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப மணிக்கணக்கில் ஆகும். சர்வரை இயக்கும் லினக்ஸில், அனுப்பும் தரவு தற்காலிகமாகத் தங்கும் நெட்வொர்க் பஃபர் அளவுகளைக் கூட்டினேன். அதே கோப்பு சில நிமிடங்களில் போனது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் சில நாளில் பழைய வேகத்துக்கே வந்துவிட்டது. பார்த்தால், நான் கொடுத்த அளவுகளைக் காணோம்! திரும்பக் கொடுத்தேன், திரும்பக் காணாமல் போயின. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர், வரைபடங்களை அனுப்பும் நூர்ஜகான்தான். அவர்தான் கை வைக்கிறார் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவரை வேறு பிரிவுக்குத் தள்ளப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

நூர்ஜகான் சண்டைக்கு வரவில்லை. காலண்டர் ஒன்றை என் மேசையில் விரித்தார்.

"சார், ரொம்ப நேரம் கரண்ட் போன நாளுக்கெல்லாம் வட்டம் போட்டுக்கினு வந்தேன். அதுக்கு அப்பறம்தான் ஃபைல் போறது இழுக்குது, பாருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவுகளைக் கட்டளையாக அடித்தேனே தவிர, சர்வர் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. யு.பி.எஸ். தீர்ந்து சர்வர் அணையும்போதெல்லாம் அவை அழிந்திருக்கின்றன.

அளவுகளை மூன்று வரிகளாகக் கோப்பில் எழுதி, நானே சர்வரை அணைத்துப் போட்டேன். வேகம் குறையவில்லை. நேரே மேலாளரிடம் போய், "தப்பு என்னுது சார்" என்றேன். நன்றாகத் திட்டினார். நூர்ஜகானை வேறு பிரிவுக்குத் தள்ளும் பேச்சும் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

மன்னிப்புக் கேட்டபோது அவர், "இத்த இங்கயே மாட்டி வைங்க சார்" என்று காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றும் சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் நான் யாரையும் குறை சொல்வதில்லை.