மஞ்சள் ஆம்பலின் கண்

எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அதன்பின் என் மனைவி எதையும் கேட்பதில்லை. சோறு வைத்தால் உண்பாள், வைக்காவிட்டால் அதுவுமில்லை.

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நான் மலைமேல் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு லாரி ஓட்டினேன். காற்று மாறட்டுமே என்று ஒருநாள் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். துரை பங்களாக் குளத்தில் மஞ்சள் ஆம்பல் பூத்திருந்தது. எங்கள் ஊர்க் குளங்களில் வெள்ளையும் சிவப்பும்தான் உண்டு. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு நம்ம வீட்டுல நின்னா கொள்ளாம்" என்று ஆசையாகச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பங்களாச் சமையல்காரரைக் கெஞ்சி, பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு கிழங்கு வாங்கினேன். "வெயிலோ குளிரோ, எதுக்கும் சாவாது" என்று சொல்லித் தந்தார், மகராசன். ஈரச்சாக்கில் சுற்றி அடுக்களை மூலையில் வைத்தேன். மறுநாள் காலையில் கல்தொட்டி ஒன்றை இரவல் கேட்டுச் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் கிழங்கில்லாமல் பொங்கல் இல்லை. பண்டிகைக்கு வந்திருந்த என் அக்காள், சேம்போடும் சிறுகிழங்கோடும் சேர்த்து அதையும் நறுக்கி வேகவைத்துவிட்டாள்.

"மலைச் சேம்புன்னுல்லா நெனச்சேன் மக்கா!"

தொட்டியோடு திரும்பி வந்த நான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன். பங்களாவில் இன்னொரு தரம் எந்த முகத்தோடு கேட்பேன்?

சத்தம் கேட்டு வந்த மனைவி அக்காளைப் பார்த்துக் கேட்டாள். "கண்ணை என்ன செஞ்சிய மைனி?"

"கண்ணை யாராவது அடுப்புல போடுவாளா? நடுகதுக்குச் சீவி, சாணியில புரட்டி, வாழை மூட்டுல வச்சிருக்கேன்."

கிழங்கு முளைவிடும் இடம்தான் கண். எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தக் கிழங்கை நறுக்கினாலும் முதலில் அதைச் சீவி விதைக்கு ஒதுக்கிவிடுவார்கள். மனைவி வாழையடிக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. நாலு கண் இருந்தது. சாணியைக் கழுவி, தொட்டிச் சேற்றில் தன் கையாலேயே பதித்தாள்.

மத்தியானம் இலையில் அந்தக் கிழங்குத் துண்டு விழுந்தது. வாயில் போட்ட மனைவி கசப்பில் முகம் சுளித்தாள்.

"மைனி, இதை நீங்க தின்னு பாத்தியளா?"

"இல்லியே ஏட்டி. ஏன்?"

"காஞ்சிரங்காய் தோத்துப்போவும்!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பூ சித்திரையில்தான் வந்தது. நான் அக்காளின் காலைத் தொட்டுக் கும்பிட்டது பொங்கலன்றே.