மாட்டுக்கு எது மேடு?

மழை, வெயில், நோய் வந்தால் எந்த ஊர் ஆடுமாடுகளுக்கு எவ்வளவு ஆபத்து என்று வரைபடத்தில் கலர் அடிப்பது என் வேலை. கேட்க ஜோராக இருக்கும்! வரப்பில் வழுக்கி, டேப்லெட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்போ நீங்களும் நம்ம கட்சிதான்.

சிவப்புத் தெரு

குடவாசல் பக்கம் ஒரு கிராமம். வாய்க்காலை ஒட்டிய தெருவில் செல்வமணி அக்கா குடியிருந்தார். ஒண்டிக்கட்டை. துணைக்குச் செவலை என்று ஒரு பசு, நிறைசினை. "உங்க தெரு முழுக்க சிவப்புக்கா, ரொம்ப ஆபத்து" என்று, என்னமோ பரிசு கொடுக்கிற மாதிரி படத்தைக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"தண்ணி வரும்னு எங்களுக்குத் தெரியாதா மேடம்? மாட்ட ஓட்டிக்கிட்டு எங்க போறதுன்னு அதுல போட்டிருக்கா?"

கயிற்றை அவிழ்க்கலாமா?

விடுவேனா? பயிற்சியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். தண்ணீர் ஏறினால் கயிற்றை அவிழ்த்துவிடுங்க, மாடு தானே மேடு தேடிப் போய்விடும் என்றேன். அக்கா நாலு பக்கமும் கையை நீட்டிக் காட்டினார். ஐப்பசி மாசம். எங்கு பார்த்தாலும் அடுத்தவர் சம்பா, நட்டுப் பச்சை பிடித்து நின்றது. எனக்குச் சுருக்கென்றது.

"பயிர்ல வாய வச்சிடுச்சுன்னா? தண்ணி வடிஞ்ச பொறவும் நான் இந்த ஊர்லதானேங்க இருக்கணும்?"

மாடிப்படி

யோசித்து யோசித்து, ஊரிலேயே உயரமான பள்ளிக்கூட மாடியைப் புகலிடம் என்று குறித்தேன். ஆபீஸில் சபாஷ் வேறு. கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை, வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. நிவாரண ஆட்களோடு நானும் ஓடினேன். ஊரே மாடியில் இருக்க, அக்கா மட்டும் கீழே இடுப்பளவுத் தண்ணீரில், செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாலு பேர் தள்ளியும் அது படியில் கால் வைக்கவில்லை. வழவழ சிமென்ட். அடப் பாவி, மாடு இதில் ஏறுமா என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா! "மாட்டை விட்டுட்டு வாங்கக்கா!" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில், கரை அடைக்கப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மணல் மூட்டைகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிவந்து படிமேல் சரிவாக அடுக்கினார்கள். செவலை ஏறிவிட்டது. அக்காவுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்து, உடம்பு வெடவெடவென்று ஆடியது. துண்டைப் போர்த்திவிட்டு, மூட்டை இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீங்க என்று கேட்டேன்.

"என்ன செய்ய? அது கூடவே நின்னிருப்பேன்."

மாட்டுக்கு என்னென்ன ஆபத்து என்று பக்கம் பக்கமாகக் கேட்கும் எங்கள் படிவத்தில், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கென்று ஒரு கட்டம் இன்னும் கிடையாது.