பாக்கர் பாய் தனக்குத்தானே எழுதிக்கொண்ட ஆர்டர்

வேலை என்றால் எதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்று ராமேஸ்வரம் டீக்கடைகளில் பதினைந்து பேருக்காவது புத்தி சொல்லியிருப்பார் பாக்கர் பாய். பதினோரு வருடம் குவைத்தில் ஒப்பந்தத்தில் இருந்த மனிதர். அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் மட்டும் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஊர் திரும்பி ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் மேசையில் சேர்ந்த அன்றே, சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் எழுதி ஆர்டர் தரச்சொல்லி முதலாளி பொன்னுச்சாமியிடம் கேட்டார். அதுவரை அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“நீயே எழுதிட்டு வாப்பா. கையெழுத்துதான, போட்டுட்டாப் போச்சு” என்றார் பொன்னுச்சாமி.

சொந்தமாக எழுதப் பாய்க்குச் சோம்பல். குவைத் ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் கொடுத்திருந்த தமிழ் நகலைக் கம்ப்யூட்டர் சென்டரில் நீட்டி, பெயரையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றச் சொன்னார். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பாயும் படிக்காமல் லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் ஏழு வருடம், அறை கூட்டும் பஞ்சம்மாளிடம், “தாயி, ஒங்கிட்ட ஒரு துண்டுக் காயிதம் இருக்கா?” என்று கேட்பதே பிழைப்பாகிவிட்டது.

இந்த வருடம் லாட்ஜ் கைமாறியது. புது நிர்வாகம் அனுப்பிய மேனேஜர் காலிதா, ஆர்டர் உள்ளவர்களுக்கு அதன்படியே வேலை தொடரும், இல்லாதவர்களுக்குப் புதிதாக எழுதித் தருவோம் என்றாள். பத்துப் பேரில் ஆர்டர் வைத்திருந்தவர் பாய் ஒருவர்தான். அயர்ன் போட்ட சட்டையோடு முதல் ஆளாகப் போய் நின்றார்.

காலிதா முழுக்கப் படித்தாள். அந்தத் தாளை முதன்முதலாகப் படித்தவள் அவள்தான்.

“நாலாவது விதியில ரெண்டு வருசம்தான்னு இருக்கே பாய். முடிஞ்சதும் முதலாளி செலவுல ஒங்கள சொந்த ஊருக்கு அனுப்பிடணுமாம். முடிஞ்சு அஞ்சு வருசமாச்சு. ஒங்க சொந்த ஊரு எது?”

“இங்கனதான்மா. பள்ளிவாசல் பக்கத்துத் தெரு.”

வரிசையில் அடுத்து நின்ற பஞ்சம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயதில் பாய்க்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்? மகள் மின்ஹாவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. காகிதமே இல்லாதவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது. கைக்காசு கொடுத்து டைப் அடித்துத் தன்னையே வேலையைவிட்டுத் தூக்கிக்கொண்ட மேதாவி இந்தத் தீவில் வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

“இத விட்டுருங்கம்மா. என்னையும் இவுகளோட சேத்துக்கங்க” என்று பஞ்சம்மாளுக்குப் பின்னால் போய் நின்றார்.

“பாய் ஒரு நாளும் வராம இருந்ததில்லம்மா” என்றாள் பஞ்சம்மாள். “ரெண்டு வருசம் முடிஞ்ச மறுநாளும் வந்துதான் சாவி குடுத்தாரு. ரிஜிஸ்டர பாருங்க.”

காலிதா ரிஜிஸ்டரைப் புரட்டினாள். “சரி, ஏழு வருச சர்வீஸ்னே எழுதிருவோம். ஆனா அஞ்சாவதுல வாரம் ஒரு நாள் லீவுன்னு இருக்கே, நீங்க எடுக்கவே இல்லையா?”

அப்படி இருப்பதே பாய்க்குத் தெரியாது. ஜும்ஆ தொழுத கையோடு மேசைக்கு ஓடிவந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கோபப்பட வேறு ஆள் கிடைக்காததால் தன்மேலேயே பட்டுக்கொண்டார்.

புது ஆர்டர் கைக்கு வந்ததும், பின்னால் வரிசை நிற்க, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“நீங்க பாக்காத காயிதமா பாய்?” என்றாள் பஞ்சம்மாள்.

“பாக்காமப் போயித்தான் தாயி இம்புட்டும்.”

வார விடுமுறை என்ற இடத்தில் வெள்ளி என்று எழுதச் சொன்னார். அன்றும் வெள்ளிக்கிழமைதான். காலிதா அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

நடுப்பகலில் வாசலில் நின்ற புருசனைப் பார்த்து மனைவி மலிகா பதறிப்போனாள். “என்னங்க, வேலைய விட்டு அனுப்பிட்டாகளா?”

“இல்ல. சொந்த ஊருக்கு அனுப்பி வச்சிருக்காக” என்று புது ஆர்டரை அவள் கையில் கொடுத்தார். “நீயும் ஒருக்கா படிச்சுரு.”